துரை வந்தபோது நான் படுத்திருந்தேன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அதற்குப் பிறகு நான் உண்டாக்கியவற்றைக் கேட்டால், படித்தவர்கள்தான் கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கும்.

ராகலைக்குப் போகிற ரோட்டில் ஒரு வளைவு. அங்கே நாலு தகரத்தை நிறுத்திச் சைக்கிள் ரிப்பேர் கடை போட்டேன். காற்றுக் காலத்தில் தகரம் ஒரு பக்கம் பறக்கும், நான் அதன் பின்னால் ஓடுவேன். வெல்டிங் வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கண் வீங்கி வீங்கி நானே படித்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே காம்பரா அறைக்குள் குடும்பம் முழுவதும் முடங்கிப் படுத்த இடத்திலிருந்து வந்து, என் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதிய நிலத்தில் வீடு கட்டினேன். மகன் ரவிக்கு வேன் எடுத்துக் கொடுத்தேன். கொழும்பில் கழித்துப் போட்ட மலைச் சைக்கிள்களை லாரியில் ஏற்றி வந்து, பிரித்துப் பூட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டேன்.

அவற்றை ஓட்ட ஒரு பாதை வேண்டுமே? அதையும் நான்தான் வெட்டினேன். தோட்டத்து உச்சியில் இருக்கிற பழைய கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தொடங்கி, யூகலிப்டஸ் மரங்களுக்குள் நுழைந்து, தேயிலை நடுவே வளைந்து வளைந்து இறங்கி, ஆற்றங்கரையில் போய் முடியும். மண்வெட்டி, அலவாங்கு, என்னுடைய இரண்டு கை. வேறு எதுவும் கிடையாது. “மருதமுத்துவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு, தேயிலைக்குள்ள சைக்கிள் ஓட்டப் போறானாம்” என்று லயத்தில் சிரித்தார்கள். இன்றைக்கு நுவரெலியா ஹோட்டல்காரர்கள் அந்தப் பாதையைத் தாங்களே பெற்றெடுத்தது போலப் படம் பிடித்துப் போடுகிறார்கள். என் பெயர் எங்கேயும் இல்லை. அந்த விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது எழுத உட்கார்ந்தது, அதே பாதையில் நான் விழுந்து, சாவுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி வந்ததைச் சொல்வதற்காக. விழுந்தவர்களுக்கு எங்கள் ஆட்கள் செய்கிற வைத்தியம் ஒன்று இருக்கிறது. அதை இனிமேல் யாரும் செய்யக் கூடாது. அதற்காகவே எழுதுகிறேன். எழுத்துப் பிழையை மட்டும் மருமகள் திருத்தினாள். வார்த்தையெல்லாம் என்னுடையது.

பௌர்ணமிப் போயா லீவு வெள்ளிக்கிழமை வந்ததால் சனி, ஞாயிறும் சேர்ந்து நீண்ட லீவு. கொழும்புச் சனம் முழுக்க மலை ஏறிவிட்டது. கடையில் ஒரு சைக்கிள் மிச்சமில்லை. வங்கியில் வேலை செய்கிற ஒரு கூட்டம் வந்தது. ஆணும் பெண்ணுமாக நல்ல பிள்ளைகள். அதில் ஒருத்தன் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, “அங்கிள், நீங்க வேன்ல கீழ வந்திருங்க. நாங்க ஓட்டிக்கிட்டு வாறோம்” என்றான்.

“தம்பி, இந்தப் பாதையப் பெத்தவன் நான். பேசாம என் பின்னால வாங்க” என்றேன்.

முதல் நாள் மழை பெய்திருந்தது. யூகலிப்டஸ் மரம் பட்டையை நாடா நாடாக உரித்துப் பாதையில் போடும். நனைந்தால் அது சோப்பு மாதிரி. எனக்குத் தெரியாததல்ல, வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொல்லிக் கொடுப்பது. ஆனால் பின்னால் சின்னப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு வரும்போது பிரேக் பிடிக்க மனம் வருமா? முன்சக்கரம் வழுக்கி, பாதையோரம் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கியது. சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. ஹேண்டில் திரும்பி, அதன் முனை என் இடது விலாவுக்குக் கீழே பாய்ந்தது. ஹேண்டில் முனையில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். வாடகைச் சைக்கிள் எல்லாவற்றுக்கும் மாட்டியிருந்தேன். என் சொந்தச் சைக்கிளில் அது எப்போதோ தொலைந்து போயிருந்தது. வெறும் குழாய்தான் குத்தியது.

அடுத்த நிமிடம் எழுந்து நின்றேன். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது. கொழுந்துக் கூடையோடு விழுந்தால் முதலில் எழுந்து நிற்க வேண்டும், பிறகு சிந்திய கொழுந்தை அள்ள வேண்டும், வலியை அதற்குப் பிறகு பார்க்கலாம். நான் சிரித்துக்கொண்டே சைக்கிளை நிமிர்த்தி, அந்தப் பிள்ளைகளை ஆற்றங்கரை வரைக்கும் கூட்டிப்போய், அங்கே தேநீரும் வாங்கிக் கொடுத்தேன்.

“அங்கிள், உங்க முகம் வெளுத்துப் போயிருக்கு” என்றாள் ஒரு பெண்.

“நான் பொறந்ததுலேருந்தே வெள்ளைதான் மகள்” என்றேன். என் நிறத்தைப் பார்த்தவர்களுக்கு அது நல்ல பகிடி என்று தெரியும். எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வயிற்றைவிட இடது தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. தோள் எங்கேயும் அடிபடவில்லை. கையை உயர்த்தினேன், இறக்கினேன், நன்றாக வந்தது. ஆனாலும் உள்ளே ஊசி ஏற்றியது மாதிரி வலி. மூச்சை இழுத்தால் கூடியது. வயிறு உப்பிக் கல் போல இருந்தது. என் மனைவி சரோஜா பார்த்துப் பயந்து, மேல் லயத்திலிருந்து என் அக்காவைக் கூப்பிட்டு வந்தாள்.

மாரியாயி அக்கா கொழுந்தெடுத்து ஓய்ந்தவள். எங்கள் அம்மா செத்த பிறகு என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். லயத்தில் யாருக்கு வயிற்றுவலி வந்தாலும் அவளிடம்தான் வருவார்கள். விழுந்தால் குடல் மேலே ஏறிக்கொள்ளும், எண்ணெய் போட்டு வழித்து அதை இறக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. அவள் கைபட்டுச் சுகமானவர்கள் நிறையப் பேர் உண்டு. அதையும் மறைக்க மாட்டேன்.

“எங்கனடா குத்துச்சு?”

“இங்கனதான்.”

கையை வைத்துப் பார்த்தாள். “கொடலு ஏறிக் கெடக்கு. மல்லாக்கப் படு.”

“அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா? ரவி வேனோட நிக்கிறான்” என்றாள் சரோஜா.

“ஒம் புருசன் பச்சப்புள்ளையா இருக்கறப்பவே அவன் வயித்தத் தடவுனவ நான். நீ போயி எண்ணெயச் சுட வையி.”

நானும் சேர்ந்துகொண்டேன். “லீவு நாள்ல அங்க யாரு இருக்கப் போறா? அக்கா தடவட்டும் விடு.”

தடவினாள். கீழேயிருந்து மேலே, மேலேயிருந்து கீழே, இரண்டு கட்டை விரலையும் சேர்த்து அழுத்தி வழித்தாள். எனக்குக் கண் இருட்டியது. வாயைத் திறக்கவில்லை.

“வலிக்குதாடா?”

“இல்லக்கா. ஒனக்குக் கையில இன்னும் பெலம் இருக்கு.”

அவள் சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

மறுநாள் காலையில் முகம் கழுவக் குழாயடிக்குப் போனவன் அங்கேயே சரிந்தேன். விழுந்தது தெரியாது. கண் திறந்தபோது ரவியின் வேனில் பின்சீட்டில், சரோஜாவின் மடியில் தலை. ஒவ்வொரு வளைவிலும் என் உடம்பு ஆடாமல் இருக்க அவள் தன் உடம்பால் என்னை அணைத்துப் பிடித்திருந்தாள். குளிரிலும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. தாகம், தாகம் என்றேனாம். “மொதலாளி, பேசாம வாங்க” என்று ரவி அழுதுகொண்டே ஓட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. விளையாட்டுக்கு என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

நுவரெலியா பெரியாஸ்பத்திரியில் லீவு நாள் என்று யாரும் என்னைக் காக்க வைக்கவில்லை. இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார்கள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்கள். உள்ளே சிவப்பே இல்லாமல் வெள்ளையாக இருந்தால் உடம்பில் ரத்தம் குறைந்திருக்கிறது என்று அர்த்தமாம். வயிற்றில் குளிர்ந்த பசை ஒன்றைத் தடவி, ஒரு சின்னக் கருவியை ஓட்டினார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பார்ப்பார்களே, அந்த ஸ்கேன்தான். திரையில் கறுப்பாக ஒரு குளம் தெரிந்தது. அந்தக் கறுப்புதான் ரத்தம் என்றார்கள். என் ரத்தம், இருக்க வேண்டிய குழாயில் இல்லாமல் வயிற்றுக்குள் தேங்கி நின்றது.

பிறகு பெரிய வளையம் போன்ற மெஷினுக்குள் அனுப்பி எடுக்கிற சி.டி. ஸ்கேன். அதற்கு ஒரு மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். ஏற்றின கணத்தில் தொண்டையிலிருந்து தொடை வரைக்கும் சூடு பாயும். படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டது போல இருக்கும். போயிருக்காது, பயப்படத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்து டொக்டர் பெண் ஒருத்தி, என் மகள் வயதுதான் இருக்கும், வந்து விளக்கினாள். “ஐயா, உங்கட மண்ணீரல் கிழிஞ்சு போச்சுது.”

எனக்கு ஈரல் தெரியும். மண்ணீரல் தெரியாது. அது இடது விலாவுக்குக் கீழே, மூடிய கை அளவில் இருக்கும் உறுப்பாம். கிழடு தட்டிய ரத்தத்தைச் சலித்தெடுக்கும், கிருமி வந்தால் சண்டை போடும், எப்போதும் ரத்தம் ஊறிய பஞ்சு போல இருக்கும். குழாய் குத்தியதில் அது வெடித்திருக்கிறது. கசிந்த ரத்தம் மேலே போய் மூச்சுத் தசையை உறுத்தினால், அந்த நரம்பு தோளில் வலிக்கிறது என்று பொய் சொல்லுமாம். அடிபடாத தோள் ஏன் வலித்தது என்று அப்போதுதான் விளங்கியது.

“விழுந்த அண்டைக்குச் சின்ன வெடிப்பாத்தான் இருந்திருக்கும். பிறகுதான் பெரிசாகியிருக்குது. ஆரும் வயித்தை அமத்தினவையோ? எண்ணெய் கிண்ணெய் போட்டு உரஞ்சினவையோ?”

நான் கூரையைப் பார்த்தேன். சரோஜா தரையைப் பார்த்தாள். கதவோரத்தில் நின்ற அக்கா முன்னால் வந்தாள்.

“நாந்தான் தாயி. கொடலு ஏறிருச்சுன்னு நெனச்சுத் தடவுனேன்.”

டொக்டர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அம்மா, இன்னும் கொஞ்சம் அமத்தியிருந்தால் இவர் இஞ்சை வந்து சேர்ந்திருக்க மாட்டார்” என்று மெதுவாகச் சொன்னாள். அக்கா இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் விட்டுச் சுருட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் கை வெளியே வரவில்லை. தேநீர் கொடுத்தால்கூட வாங்கவில்லை.

பெரிய சத்திரசிகிச்சை டொக்டர் சிங்களத்தில் சொன்னார், இந்தப் பெண் தமிழில் சொன்னாள். இரண்டு வழி இருந்தது. ஒன்று, வயிற்றைத் திறந்து மண்ணீரலை எடுத்துவிடுவது. எடுத்தால் உயிர் வாழலாம், ஆனால் சாகும்வரை ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பயந்து பயந்து இருக்க வேண்டும். என் வயதில் மயக்க மருந்தும் லேசான விஷயம் இல்லை. இன்னொன்று, ரத்தம் ஏற்றிவிட்டு, வெடிப்பு தானாக மூடுகிறதா என்று பொறுத்துப் பார்ப்பது. ஆனால் அதற்கு நான் அசையக் கூடாது. உட்காரக் கூடாது, திரும்பக் கூடாது, முக்கக் கூடாது, இருமல் வந்தால் தலையணையை அணைத்துக்கொண்டு மெல்ல இரும வேண்டும். மூடிய வெடிப்பு ஒரு தடவை விட்டுக்கொண்டால், சத்திரசிகிச்சை அறைக்குக் கொண்டு போவதற்குள் ஆள் முடிந்துவிடலாம்.

“டியூப்புல ஒட்டுப் போட்ட மாதிரிங்களா?” என்று கேட்டேன். “பசை காயுற வரைக்கும் காத்தடிக்கக் கூடாது. தொடவும் கூடாது.”

டொக்டர் பெண் முதல்தடவையாகச் சிரித்தாள். “ஓம் ஐயா. அதுதான். பசை காயட்டும்.”

எத்தனையோ ஆயிரம் டியூப்புக்கு ஒட்டுப் போட்டவன் நான். பசை காய்கிற வரைக்கும் பொறுக்காமல் பிடுங்கிக்கொண்டு போகிறவர்களை எத்தனை தரம் ஏசியிருப்பேன்! இப்போது டியூப்பே நான்.

அசையாமல் கிடப்பதை லேசாக நினைக்காதீர்கள். மண்வெட்டி பிடித்துப் பாதை வெட்டியது அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. முதலில் தண்ணீரும் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் சத்திரசிகிச்சைக்குக் கொண்டு போக வேண்டியிருக்கும் என்பதால். சரோஜா பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவாள். அவள் பார்க்காத நேரம் நான் அந்தப் பஞ்சை உறிஞ்சுவேன். மலம் கழிக்கச் சட்டி வைப்பார்கள். ஒரு ஊருக்கே பாதை போட்டவன், படுத்தபடி சட்டியில் போக வேண்டியிருந்தது. அதைத் துடைத்தது என் மகன். துடைக்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, வேனுக்கு டயர் மாற்றுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அந்த மரியாதையை அவனுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கே படித்தானோ.

இரவில் வாட்டில் விளக்கைக் குறைப்பார்கள். யாராவது முனகுவார்கள். எனக்கு முதுகு தீப்பிடித்தது போல எரியும், திரும்ப முடியாது. கூரையில் ஒரு ஈரக்கறை இருந்தது, கொத்மலைக் குளத்தின் வடிவத்தில். அதையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். செத்துப்போனால் அந்தப் பாதையை யார் பார்ப்பார்கள், கான் அடைத்தால் ஒரே மழையில் கழுவிக்கொண்டு போகுமே என்று நினைப்பேன். பயம்தான். வேறு பெயர் சொல்லி என்ன பயன்?

பக்கத்துக் கட்டிலில் பண்டா அய்யா, கந்தப்பளைப் பக்கம் லீக்ஸ் பயிர் போடுகிற சிங்களவர், குடலிறக்கத்துக்கு வந்தவர். நான் கொஞ்சம் அசைந்தாலும், “முதலாளி, ஹெல்லென்ன எபா!” என்று கத்துவார். அசையாதே என்று அர்த்தம். தாதியைவிட அவருக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

எனக்கு ரத்தம் ஏற்றியபோது பையைப் பார்த்து, “இது யாரு குடுத்த ரத்தம்?” என்று தாதியிடம் கேட்டேன். பையில் ரத்த வகை இருக்கிறது, நம்பர் இருக்கிறது, பெயர் இல்லை.

பண்டா அய்யா தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். “பேர் இல்ல முதலாளி. குடுத்தான், பிஸ்கட் சாப்ட்டான், வீட்டுக்குப் போய்ட்டான்.”

அது என்னைக் கொஞ்சம் உறுத்தியது. பெயர் கேட்காமல் போகிற ஆளும் உலகத்தில் இருக்கிறான். நான் அப்படி இல்லை. இருந்தாலும் பெயர் தெரியாத அவனுக்கு ஒரு கும்பிடு போட்டேன், மனதுக்குள்தான், கையை அசைக்க முடியாதே.

அக்கா தினமும் வந்தாள். பார்வையாளர் நேரத்தில் மேல் லயத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, கையைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு, கட்டில் காலடியில் நிற்பாள். தடவித் தடவியே பழகிய கை. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. டொக்டர் பெண்ணிடம் கேட்டேன், “எங்கக்கா என் காலையாவது புடிச்சு விடலாமாங்க?”

அவள் யோசித்தாள். நாள்கணக்கில் படுத்திருப்பவர்களுக்குக் கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து கட்டியாகுமாம், அங்கே தேய்த்தால் கட்டி கழன்று நெஞ்சுக்கு ஏறுமாம். “உள்ளங்காலை மட்டும். கணுக்காலுக்கு மேலை கை போகக் கூடாது. விளங்குதோ அம்மா?”

“வெளங்குது தாயி.”

அக்கா கையை வெளியே எடுத்தாள். ஒரு பூனைக்குட்டியைத் தொடுவது போல என் பாதத்தைத் தொட்டாள். அழுத்தவே இல்லை.

“என்னாக்கா, பெலம் போச்சா?” என்றேன்.

“வாய மூடுடா” என்றாள். என் காலில் சூடாக இரண்டு சொட்டு விழுந்தது.

ரத்தப் பரிசோதனை நிலையாக இருந்தது. அரைத் தலையணை வைக்கலாம், கஞ்சி குடிக்கலாம் என்றார்கள். ஆனால் எழுந்திருக்க இன்னும் அனுமதி இல்லை. அந்த நேரத்தில்தான் துரை வந்தார்.

எங்கள் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை. என் மகனைவிட இளையவர், நல்ல மனிதர். என்னை ஏசியவர் இல்லை. நான் தோட்டத்து வேலையை விட்டுப் பல காலம் ஆகிவிட்டது. அவர் கையிலிருந்து ஒரு சதம் வாங்குபவன் இல்லை நான். துரைமார் முன்னால் நிமிர்ந்து நின்று பேசுகிறவன் என்று எல்லாரிடமும் மார் தட்டியிருக்கிறேன்.

மதிய நேரம். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு பையில் ஆப்பிளோடு வாட்டுக் கதவில் அவர் வந்து நின்றார். சரோஜா ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்து தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அதே கணத்தில் என் இரண்டு கையும் மெத்தையில் ஊன்றின. நான் ஊன்றவில்லை, அவை ஊன்றின. கழுத்து தூக்கியது, தோள் தூக்கியது, முதுகு கட்டிலை விட்டுக் கிளம்பியது. என் அப்பா லயத்து வாசல் இஸ்தோப்பில் சோறு தின்றுகொண்டிருந்தாலும் துரையின் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார். அவருடைய உடம்பு என் உடம்புக்குள் இருந்து எழுந்தது. இடது விலாவுக்குக் கீழே ஒரு நூல் இழுபட்டது.

“படுடா!”

வாட்டே திரும்பிப் பார்த்தது. அக்கா என் இரண்டு கணுக்காலையும் பிடித்துக் கட்டிலோடு சேர்த்து அமுக்கியிருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடி இருந்தாள். துரை வந்து நிற்கிறார், அவள் எழுந்திருக்கவில்லை. வாழ்நாள் முழுக்க துரைக்கு முன்னால் அவள் உட்கார்ந்து நான் கண்டதில்லை. அவளும் எழுந்திருந்தால் என் காலை விட்டிருப்பாள். நான் எழுந்திருப்பேன். அதோடு கதை முடிந்திருக்கும்.

நான் மெல்ல மெல்ல முதுகைக் கீழே இறக்கினேன். எழுந்திருக்கச் சொல்லி உடம்பு கத்தியது. அதை நான் படுக்க வைத்தேன்.

“அய்யோ, படுங்க, படுங்க மருதமுத்து” என்று துரை பதறினார். கொஞ்ச நேரம் சுகம் விசாரித்தார். பிறகு சொன்னார். “ஒங்க பாதைக்கு மேல ஹோட்டல்காரங்க ஒரு போர்ட் வைக்கப் போறாங்க. ஒங்ககிட்டச் சொல்லலாம்னு வந்தேன்.”

“போர்டுல யாரு பேருங்க தொரை?”

“ஹோட்டல் பேரு. தோட்டத்துப் பேரு.”

“வெட்டுனவன் பேரு?”

அவர் ஆப்பிள் பையைக் கட்டிலடியில் வைத்தார். “மொதல்ல சொகமாகி வாங்க. பேசுவோம்.”

என் இரண்டு உள்ளங்காலும் அவர் முகத்தைப் பார்த்து நீட்டியிருந்தன. அப்படிக் கிடந்துதான் கேட்டேன்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை மறுபடி வலிக்கத் தொடங்கியது. நாடி வேகமாக ஓடியது. தாதி ஓடி வந்தாள், டொக்டர் பெண் வந்தாள், கஞ்சியை நிறுத்தினார்கள், ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“ஐயா, ஆருக்காக எழும்பினனீங்கள்?”

“தொரைக்குங்க.”

“எந்தத் துரை? அவர் என்ன, ஜனாதிபதியோ?”

“ஒங்களுக்கு வெளங்காது தாயி” என்றாள் அக்கா.

முடிவு வருகிற வரைக்கும் இருந்த நேரம்தான் இந்த நாட்கள் எல்லாவற்றிலும் நீளமானது. சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்டு ரவியிடம் கையெழுத்து வாங்கி வைத்துவிட்டார்கள். சரோஜா மறுபடி பஞ்சை எடுத்தாள். அம்மனுக்குப் பால்குடம் என்று முணுமுணுத்தாள். அக்கா நடைபாதையில் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்றார்கள். பண்டா அய்யா தன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூரையில் உள்ள கொத்மலைக் குளத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு விரல்கூட அசைக்காமல், மூச்சையே பாதி பாதியாக விட்டுக்கொண்டு கிடந்தேன்.

டொக்டர் பெண் திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னாள். “புது ரத்தம் இல்லை. பசை காய்ஞ்சிருக்குது ஐயா.”

பிறகு ஒரு காலையில் உட்கார வைத்தார்கள், நிற்க வைத்தார்கள், நடக்க வைத்தார்கள். வீட்டுக்கு விடும்போது, பல மாதத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது, சைக்கிள் பக்கம் போகவே கூடாது என்றார்கள். பண்டா அய்யா ஊரிலிருந்து லீக்ஸ் கட்டு ஒன்று அனுப்பி வைத்தார். இப்போது கடையில் உட்கார்ந்து மற்றவர்களை அதட்டுவதுதான் என் வேலை. எல்லாச் சைக்கிளுக்கும் ஹேண்டில் மூடி இருக்கிறதா என்று நானே தடவிப் பார்க்கிறேன், என் சைக்கிளுக்கும்.

விழுந்தவர்களின் வயிற்றைத் தடவாதீர்கள். தோள் அடிபடாமல் தோள் வலித்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், லீவு நாளாக இருந்தாலும். இதை அக்காவே இப்போது லயம் லயமாகப் போய்ச் சொல்கிறாள். சொல்லி முடித்ததும், “நான் காலப் புடிச்சதாலதான் தம்பி பொழச்சான்” என்று சேர்த்துக்கொள்கிறாள். அது உண்மைதான், சொல்லட்டும். அம்மன் காப்பாற்றினாள் என்று சரோஜா சொல்கிறாள், அதுவும் இருக்கட்டும். டொக்டர்மாரும், பேர் போடாமல் ரத்தம் கொடுத்தவனும், வேன் ஓட்டிய மகனும் இல்லாவிட்டால் நான் இல்லை. அவரவர் பங்கை அவரவருக்குக் கொடுத்துவிட்டேன்.

இனி என் பங்கைக் கேட்கிறேன். பாதைக்கு மேலே வைக்கிற பலகையில், வெட்டியவன் மருதமுத்து என்று எழுத வேண்டும். எழுதும்வரை கேட்பேன். அதைவிடப் பெரிய வேலை ஒன்றையும் நான் செய்திருக்கிறேன். அதற்குப் பலகை கிடையாது, அதனால் உங்களிடம் சொல்லி வைக்கிறேன். நான் பிழைத்த கதையை யாராவது உங்களிடம் சொன்னால், டொக்டரையும் அம்மனையும் அக்காவையும் சொல்லி முடித்த பிறகு, இதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்: அசையாமல் கிடந்தது மருதமுத்து. எங்கள் பரம்பரையில், துரை வந்து நின்றபோது காலை நீட்டிப் படுத்துக்கிடந்த முதல் ஆள் அவன்தான்.